வரிக்குதிரைகளும் ஒரு நீலக் காரும்



போன மாதம் லியோனிலிருந்து பேரன் பேசினான். என் சொந்தப் பேரன் அல்ல. பெரியப்பா மகனான என் அண்ணனுடைய மகள் வயிற்றுப் பேரன். வயது இருபத்தொன்பது. போன வருடம் கல்யாணம் ஆயிற்று, வருகிற தையில் குழந்தை.

"சின்னத் தாத்தா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன். ஓட்டினா சந்தோஷமா இருக்கணும். ஆனா குழந்தை சீட்டும் வைக்கணும், மார்க்கெட்டுக்கும் போய் வரணும். புதுசு வாங்கட்டுமா, பழசு வாங்கட்டுமா?"

ஆயுளில் ஒரு ஸ்கூட்டருக்கு மேல் சொந்தமாக எதையும் ஓட்டாத ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது? அதைத்தான் நானும் அவனிடம் கேட்டேன். "தாத்தாவோட கோர்தினி மாதிரி ஒண்ணு வேணும். அதைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லா தெரியும்னு அம்மா சொன்னாங்க" என்றான்.

கோர்தினி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஐம்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் அந்தக் காரில் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் பிரான்சில் இந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் எப்படி வந்தன என்ற கதையைச் சொல்லிவிட வேண்டும். அது பந்தய வீரர்களின் கதை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைப் போன்ற கோப்பு தூக்கிகளின் கதை என்பது என் கட்சி.

போருக்கு முன்னால் பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் புகாத்தி, தெலாயே, தல்போ. பெரிய எஞ்சின், நீண்ட மூக்கு, மகாராஜாக்கள் வாங்குகிற விலை. 1945-இல் போர் முடிந்தபோது நாட்டில் இரும்பு இல்லை, ரப்பர் இல்லை, பெட்ரோல் ரேஷன். தொழில் உற்பத்தி அமைச்சகத்தில் பால்-மரி போன்ஸ் என்று ஒரு அதிகாரி இருந்தார். எந்தக் கம்பெனி எந்த அளவுக் காரைச் செய்யலாம் என்று அவர் ஒரு திட்டம் போட்டார். போன்ஸ் திட்டம் என்றே அதற்குப் பெயர். சின்ன கார், நடுத்தரக் கார், லாரி என்று பங்கு பிரித்ததில் ஆடம்பரக் கார்க்காரர்களுக்கு இலையில் ஒன்றும் விழவில்லை. மிச்சத்தை வரி பார்த்துக்கொண்டது.

அந்த வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரான்சில் ஒவ்வொரு காருக்கும் இரண்டு விதமான குதிரை உண்டு. ஒன்று எஞ்சினின் உண்மையான பலத்தைச் சொல்லும் குதிரை. மற்றது அரசாங்கம் காகிதத்தில் எழுதும் குதிரை. அந்தக் காலத்தில் அது முக்கியமாக எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போட்ட கணக்கு, வரி அதன்படிதான். தமிழில் இதை வரிக்குதிரை என்றுதான் சொல்ல வேண்டும், மிருகக்காட்சி சாலை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. சித்ரோயனின் 'தோ ஷ்வோ' என்றால் இரண்டு குதிரை, ரெனோவின் 'கத்ர் ஷ்வோ' என்றால் நாலு குதிரை. இவை செல்லப் பெயர்கள் அல்ல, வரிச்சீட்டில் இருக்கும் எண்கள். ஒரு தேசமே தன் காரை வருமானத்துறை போட்ட எண்ணால் கூப்பிட்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1956-இல் 'விஞ்ஞேத்' என்ற வருடாந்திர கார் வரியும் வந்தது. முதியோருக்கு உதவ நிதி வேண்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். (பென்ஷன் வாங்குகிறவன் என்ற முறையில் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். அந்தப் பணம் முதியோருக்குத்தான் போயிற்றா என்று பிரெஞ்சுக்காரர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள்.) வரிக்குதிரை ஏற ஏற வரியும் ஏறும். கார் பழசானால் வரி குறையும். தெலாயே 1954-லேயே போய்விட்டது. தல்போவும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைமாறியது. பெரிய எஞ்சின் வைத்து வேகமான கார் செய்யும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

வழியை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் போகும் அல்லவா? அது தியெப் என்ற மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் போயிற்று.

கத்ர் ஷ்வோ 1946 பாரிஸ் கண்காட்சியில் வந்த கார். 760 சிசி எஞ்சின், பிறகு 747. நாலு கதவு, எஞ்சின் பின்னால். எங்கள் தெருவுக்கு வரும் டாக்டரிடம் ஒன்று இருந்தது. அவர் முன்பக்க மூடியைத் திறந்து உள்ளேயிருந்து பையை எடுப்பார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பையா என்று பிள்ளைகள் நாங்கள் ஒவ்வொரு தடவையும் கூடி நின்று பார்ப்போம். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சு கார் அது. குடும்பஸ்தர் கார். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதே அதற்குத் தவம்.

தியெப்பில் ரெனோ ஏஜென்சி வைத்திருந்த ழான் ரெதெலே என்ற இளைஞர் இந்தக் காரைப் பந்தயத்துக்கு எடுத்துப் போனார். 1922-இல் பிறந்தவர், வணிகக் கல்லூரியில் படித்தவர். ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திக்கொண்டு, இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் 1952 முதல் தொடர்ந்து தன் வகுப்பில் ஜெயித்தார். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஓட்டியதுதான் எல்லாவற்றிலும் பெரிய சந்தோஷம் என்பதால் 1955-இல் தொடங்கிய கம்பெனிக்கு அல்பீன் என்று பேர் வைத்தார். முதல் கார் ஏ106. அடியில் கத்ர் ஷ்வோ, மேலே கண்ணாடி இழைக் கூடு. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்றைப் பூசிக் கொண்டுபோய் ரெனோ தலைமை அலுவலக முற்றத்தில் நிறுத்தினார். மேலதிகாரியைக் கவிழ்க்கத் தெரிந்த மனிதர்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் எஞ்சின் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் எந்த மெக்கானிக்கிடமும் கிடைக்கிற சாமான். வரி சின்ன எஞ்சினுக்கு மேல் விடாது, ஆகவே எடையைக் குறை. கூட்டைத் தாழ்த்து, காற்றை ஏமாற்று. 1962-இல் வந்த ஏ110-இன் உயரம் ஒரு மீட்டர் பதின்மூன்று சென்டிமீட்டர். அதாவது என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல். 1971-இலும் 1973-இலும் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தது. 1973-இல் முதல் தடவையாக நடந்த உலக ராலிப் போட்டியில் கம்பெனிகளுக்கான பட்டம் தியெப்புக்கு வந்தது. பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன.

ஆனால் அதில் பெண்டாட்டி பிள்ளையை ஏற்ற முடியாது. பின்னால் இரண்டு இருக்கை வைத்து ஒரு மாதிரியும் செய்து பார்த்தார்கள், நூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள். குடும்பஸ்தனுக்கு அது போதாது, பந்தயக்காரனுக்கு அது வேண்டாம்.

குடும்பஸ்தனுக்கான பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அமெதே கோர்தினி என்ற இத்தாலிக்காரர், 1899-இல் பிறந்தவர், பாரிசில் குடியேறிச் சின்னக் கார்களை முறுக்கேற்றிப் பேர் வாங்கியவர். கையில் காசில்லாமல் பெரிய கம்பெனிகளோடு மோதியதால் பத்திரிகைக்காரர்கள் அவருக்கு 'மந்திரவாதி' என்று பேர் வைத்தார்கள். 1957-இல் ரெனோ அவரைச் சேர்த்துக்கொண்டது. 1962-இல் ரெனோ 8 வந்தது. பெட்டி மாதிரி உருவம், நாலு கதவு, 956 சிசி. ஆனால் நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்த அளவுக் காரில் அப்போது அது பெரிய விஷயம். இப்படிப்பட்ட காரை மந்திரவாதி கையில் கொடுத்தால் என்ன ஆகும்? 1964-இல் ரெனோ 8 கோர்தினி வெளிவந்தது. 1108 சிசி, இரட்டைக் கார்புரேட்டர், அக்காலக் கணக்கில் 95 குதிரை, வேகம் 170 கிலோமீட்டர். சாதா ரெனோ 8 130-ஐ எட்டவே பெருமூச்சு விடும். நிறம் பிரெஞ்சு நீலம், நெற்றியிலிருந்து முதுகு வரை இரண்டு வெள்ளை வரி. அதே வருடம் கோர்சிகா தீவுப் பந்தயத்தில் முதலிடம். 1965, 1966-இலும் அதுவே.

1966-இல் எஞ்சின் 1255 சிசி ஆயிற்று. ஐந்து கியர், நாலு விளக்கு, முன்பக்கப் பெட்டியில் இரண்டாவது பெட்ரோல் டாங்க். அதே ஆண்டில் கோர்தினி கோப்பை என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கார். பணக்காரன் எஞ்சினால் ஜெயிக்க முடியாது, ஓட்டத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடிய வண்டியிலேயே திங்கட்கிழமை வேலைக்குப் போனவர்கள் உண்டு. ழான்-பியேர் ழபுய் அங்கே பழகியவர்தான். 1979-இல் திழோனில் டர்போ எஞ்சின் வைத்த காரில் முதன்முதலாக ஒரு ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஜெயித்தார்.

இதையெல்லாம் நான் பாண்டிச்சேரியில் உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சு மீடியத்தில் ப்ரெவே வரை படித்தவன். லீவில் வரும் சொல்தாக்கள் விட்டுப்போகிற கார் பத்திரிகைகள் பல கை மாறி, அட்டை கிழிந்து எங்களிடம் வரும். ஊரில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து காகிதமும் கைமாறிய காலம். எங்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடிமக்களாகி அந்தப் பக்கம் போனார்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம் நின்றோம். பெரியப்பா வீட்டு அண்ணன் அந்தப் பக்கம், ராணுவத்தில். நான் இந்தப் பக்கம், குமாஸ்தா பரீட்சை. எனக்குக் கார் கிடையாது என்பது நிச்சயமாகத் தெரிந்ததால், ஒரு நாற்பது பக்க நோட்டில் கார்களின் விவரங்களை எழுதி வைத்துக்கொண்டேன். எந்தக் கார், எத்தனை சிசி, என்ன டைப் நம்பர். கோர்தினிக்கு எழுதியது இன்றும் மனப்பாடம். 1100 என்றால் ஆர் 1134. 1300 என்றால் ஆர் 1135.

1973-இல் அண்ணன் தூலோனிலிருந்து லீவில் வந்தார். பெட்டியைத் திறக்கும் முன்பே போட்டோவை எடுத்தார். நீலக் கார், இரண்டு வெள்ளை வரி, முன்னால் கூடுதலாக இரண்டு விளக்கு. பக்கத்தில் அண்ணி புடவைக்கு மேல் ஸ்வெட்டரோடு. ஜன்னலில் இரண்டு பிள்ளைகளின் தலை. "கோர்தினிடா தம்பி. செகண்ட் ஹேண்டுதான். ஆனா வண்டியைப் பாரு!" மூன்று வருடச் சேமிப்பு அது. தெரு முழுக்கப் போட்டோவைக் காட்டினார். பெரியப்பா, அந்தக் காலத்து சிப்பாய், பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டார். அதுவே அவருக்கு ஆனந்தக் கூத்து.

ராத்திரி திண்ணையில் பர்சிலிருந்து லைசென்சோடு மடித்து வைத்த சாம்பல் நிறச் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். 'கார்த் கிரீஸ்', நம் ஊர் ஆர்சி புக். "நீ படிச்ச பையன், பாரு." பார்த்தேன். டைப் என்ற இடத்தில் ஆர் 1130 என்று இருந்தது.

ஆர் 1130 சாதா ரெனோ 8. யாரோ ஒருவர் நீலம் பூசி, இரண்டு வெள்ளை வரி இழுத்து, விளக்கு மாட்டி, அண்ணன் தலையில் கட்டியிருக்கிறார். அசல் கோர்தினி மொத்தமே பன்னிரண்டாயிரம் வாக்கில்தான் செய்தார்கள். சாதா ரெனோ 8-ஓ எங்கும் கிடைக்கும். ஆகவே இந்த வேலை அப்போதே நிறைய நடந்தது, இப்போதும் நடக்கிறது.

நான் சீட்டை மடித்துக் கொடுத்தேன். "நல்லா இருக்குண்ணா" என்றேன். வேறென்ன சொல்வது? இருபத்து மூன்று வயது எனக்கு. தெருவே அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தது. அண்ணன் இன்னும் பல வருடம் அந்தக் காரை ஓட்டினார், ஒவ்வொரு கடிதத்திலும் கோர்தினி எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி எழுதுவார். நானும் பதிலில் விசாரிப்பேன். 2011-இல் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அலுவலகத்தில் வாகனப் பதிவுக் கோப்புகளோடு நாலு வருடம் வேலை பார்த்தபோது, எண் பொருந்தாத ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தத் திண்ணை ஞாபகம் வரும்.

சரி, சரித்திரத்தை முடித்துவிடுகிறேன். 1973 கடைசியில் பெட்ரோல் நெருக்கடி. சாதாரணச் சாலையில் 90 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லே கெட்ட வார்த்தை ஆனது. அல்பீன் ரெனோவின் கைக்குப் போனது. ஏ110 1977-இல் நின்றது. ஆனால் கோர்தினி காட்டிய வழி, அதாவது சாதாரணக் குடும்பக் காரின் உள்ளே ஒரு சூரனை உட்கார வைப்பது, போகவில்லை. 1976-இல் ரெனோ 5 அல்பீன் வந்தது, எஞ்சின் முன்னுக்கு வந்து, பின்னால் தூக்கித் திறக்கும் கதவு வைத்து. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தது. ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். 1984-இல் பெழோ 205 ஜிடிஐ. 105 குதிரை, பிறகு 1.9 லிட்டரில் 130. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அழகானது இதுதான். ஆனால் வளைவில் பயந்துபோய் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும் என்று பேர். திருடர்களுக்கும் பிடித்த கார். அதனால் இன்சூரன்ஸ்காரர்கள் இளைஞர்களிடம் காரின் விலைக்குச் சமமாகக் கேட்காத குறை.

இனி பேரன். அவன் மனதில் மூன்று கார். புது அல்பீன் ஏ110, 2017-இல் ஜெனீவாவில் காட்டியது, அதே தியெப் தொழிற்சாலை, 252 குதிரை, எடை 1,100 கிலோ வாக்கில். அருமையான கார். ஆனால் இரண்டே இருக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கி, சேர்த்தாலும் இருநூறு லிட்டர் வராது. குழந்தை வண்டியைத் தலையிலா வைப்பது? அதோடு 2008 முதல் புதுக் காருக்குப் புகைக்கேற்ப அபராத வரி வேறு, விஞ்ஞேத் செத்தாலும் அதன் ஆவி போகவில்லை. இரண்டாவது, பழைய 205. கல்யாணத்துக்கு முன் என்றால் சரி என்றேன். அந்தக் காலத்துத் தகரத்தில் பச்சைக் குழந்தையை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, அசல் ரெனோ 8 கோர்தினி. இன்று அது விற்கும் விலைக்குப் புதுக் காரே வாங்கலாம்.

நான் சொன்னது நாலாவது. 2013-இல் வந்த நாலாம் தலைமுறை ரெனோ க்ளியோ ஆர்எஸ். 1.6 லிட்டர் டர்போ, 200 குதிரை, ஐந்து கதவு, முந்நூறு லிட்டர் டிக்கி. ரெனோ பேர் போட்டிருந்தாலும் கோத்தது தியெப்பில், அல்பீன் தொழிற்சாலையில்தான். முந்தைய ஆர்எஸ் மூன்று கதவு, இதற்கு ஐந்து என்று ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்களாம், கியரும் தானியங்கியாம். சுளிக்கட்டும். நாலு கதவுக் கோர்தினியின் நேர் வாரிசு அதுதான். பழசாகக் கிடைக்கும். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும்.

வாங்கும் முறையையும் எழுதினேன். விற்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கட்டாயப் பரிசோதனைச் சீட்டைக் காட்ட வேண்டும். இஸ்தோவெக் என்ற அரசாங்கத் தளத்தில் காரின் பழைய சரித்திரத்தை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும், காசு கிடையாது. இன்சூரன்ஸ் எவ்வளவு என்பதைக் காரைப் பார்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பந்தய மைதானத்தில் ஓடிய வண்டியா என்று டயரையும் பிரேக் தட்டையும் பார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கார்த் கிரீசையும் காரில் உள்ள தகட்டையும் ஒப்பிட்டுப் பார். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்று எழுதி, நிறுத்தி, இரண்டு நாள் யோசித்து, திண்ணையில் நடந்ததையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வாட்சப்பில் குரல் வந்தது.

"சின்னத் தாத்தா, பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒரே சிரிப்பு. தாத்தாவுக்கு வாங்கின ரெண்டாம் மாசமே தெரியுமாம். இன்சூரன்ஸ்காரர் பேப்பரைப் பார்த்துட்டு, இது சாதா ரெனோ 8, அதனால பிரீமியம் கம்மின்னு சொன்னாராம். தாத்தா ரெண்டு நாள் சாப்பிடலையாம். அப்புறம், மிச்சமான காசுல அந்த லீவுக்கு எல்லாரும் ஸ்பெயினுக்குப் போனாங்களாம், அதே கார்ல. 'ஊர்ல தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவன் நோட்டெல்லாம் போட்டு வச்சிருக்கான், மனசு விட்டுடுவான்'னு பாட்டிகிட்ட சத்தியம் வாங்கினாராம்."

அப்படியானால் திண்ணையில் எதற்காக அந்தச் சீட்டை என் கையில் கொடுத்தார்? அண்ணியிடம் கேட்க வேண்டும். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

வரும் சனிக்கிழமை பேரன் வியேனில் ஒரு க்ளியோவைப் பார்க்கப் போகிறான். மஞ்சள் நிறமாம். காரின் போட்டோ ஆறு அனுப்பியிருக்கிறான். கார்த் கிரீஸ் போட்டோ கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.